தில்லியிலேயே சிறந்த பர்கர்: ஓர் உருபைப் பற்றிய பதிவு

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதவேண்டிய நேரத்தில் எழுதியது. நெறியாளர் கண்ணில் பட்டால் களப்பணி என்று கொள்க.

தில்லியில் சிறந்த பர்கர் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எங்கள் வளாகத்து ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாள்களுக்கும் மேலாக ஓடியது. உதவித்தொகைத் தாமதத்துக்குக் கிடைக்காத ஆர்வம் ஒரு பன்னுக்குக் கிடைத்தது. அதைக் குறைகூறியும் சிலர் எழுதினர். "அவரவர் நாக்கு, அவரவர் ருசி. இதில் வாதிட என்ன இருக்கிறது?" என்பது அவர்களின் கேள்வி. பெருந்தன்மைபோல் ஒலிக்கும் இக்கேள்வி எனக்குச் சோம்பலாகவே படுகிறது. ருசியைப் பற்றி வாதிட நிறைய இருக்கிறது. எங்கள் குழுவில் நேர்ந்த கோளாறு வாதிட்டதால் வந்ததன்று. வாதத்தின் எல்லையைச் சொல்லாமல் மறைத்துவிட்டு முடிவை மட்டும் உரக்க அறிவித்ததால் வந்தது. தமிழில் அந்த எல்லையைச் சொல்ல ஓர் உருபும் ஓர் இடைச்சொல்லும் போதும். அவற்றிடம் வருமுன் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

"இந்த பர்கர் நன்றாக இருக்கிறது" என்று ஒருவரும் "நன்றாக இல்லை" என்று இன்னொருவரும் சொன்னால், இருவரில் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் இருவரும் முரண்படுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. மழை பெய்கிறதா இல்லையா என்ற முரணைச் சன்னலைத் திறந்து தீர்த்துவிடலாம். இதை அவ்வாறு தீர்க்க இயலாது. மாக்ஸ் கோல்பெல் 2004இல் இதனைப் 'பிழையற்ற முரண்பாடு' என்ற தலைப்பிலேயே ஆராய்ந்தார். மறு ஆண்டு பீட்டர் லாசர்சோன், இத்தகைய பயனிலைகளைக் கொண்ட வாக்கியங்களின் மெய்ம்மை, மதிப்பிடுபவரைச் சார்ந்து மாறுகிறது என்னும் பொருண்மையியல் விளக்கத்தை முன்வைத்தார். அவரை மறுத்தும் திருத்தியும் எழுதப்பட்டவை இன்று ஓர் அலமாரிக்குக் காணும். எனக்கு இதில் கருதத்தக்கது ஒன்றே. ருசிபற்றிய பேச்சை மக்கள் வாதமாகவே நடத்துகிறார்கள். மறுக்கிறார்கள், காரணம் கேட்கிறார்கள், சில வேளை மனம் மாறுகிறார்கள். அவ்வாறு நடத்தாவிடில் பொருண்மையியலாளருக்கு அங்கே புதிரே இருந்திராது.

டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், 'டான் குயிக்ஸோட்' புதினத்திலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரை ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துச் சொல்லும்படி அழைக்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் சற்றே தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். நல்ல ஒயின்தான், ஆனால் இரும்பு வாடை என்கிறார் மற்றவர். கூடியிருந்தோர் இருவரையும் எள்ளி நகையாடுகிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது, தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி. ஹியூமின் முழு வாதத்தையும் ஏற்காதவர்களும் இக்கதையை மறப்பதில்லை. ருசி நாக்கில் நிகழ்கிறது, உண்மை. எனினும் அதற்கான காரணங்களுட் சில பீப்பாய்க்குள் இருக்கின்றன.

பர்கருக்குள்ளும் இருக்கின்றன. நடுவில் வைக்கப்படும் இறைச்சி வட்டத்தைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது தனிச் சிக்கல். 'பேட்டி' என்றால் நேர்காணல் ஆகிவிடுகிறது; 'பாட்டி' என்றால் நிலைமை இன்னும் மோசம். ரயிலில் பயணம் செய்த எவர்க்கும் தெரிந்த 'கட்லெட்' என்ற சொல்லையே கைக்கொள்கிறேன். நல்ல கட்லெட்டுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வேண்டும் என்பது சமையல்காரர்களின் பொதுவான கணக்கு. அதற்கு வெகுவாகக் குறைந்தால் வாயில் மரத்தூள்போல் உதிரும். உப்பை அரைத்த இறைச்சிக்குள் போட்டுப் பிசைந்தால் புரதம் கரைந்து ஒட்டிக்கொண்டு, கொத்துக்கறியின் உதிரித்தன்மை போய் சாசேஜின் இறுக்கம் வந்துவிடுகிறது. ஆகையால் கல்லில் போடுவதற்குச் சற்றுமுன் மேற்பரப்பில் மட்டும் தூவவேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். பழுப்பு நிறமும் அதனோடு வரும் மணமும் 1912இல் லூயி கமீல் மயார் விவரித்த வேதிவினையால் உண்டாவன. ஈரம் இருக்கும்வரை வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி, இறைச்சி வேகுமேயன்றிப் பழுக்காது. பன்னின் உட்பக்கத்தை வெண்ணெயில் வாட்டாவிட்டால் மூன்றாம் கடியில் அடிப்பகுதி ஊறிக் கையோடு வந்துவிடும்.

ஆகவே "அந்தக் கடை பன் ஊறிவிடுகிறது" என்பது ருசிபற்றிய கருத்து மட்டுமன்று, சோதித்தறியத்தக்க கூற்று. எங்கள் குழுவில் முதல் மூன்று நாள்கள் நடந்த வாதம் இந்தத் தரத்தில் இருந்தது. வேதியியல் துறை நண்பர் ஒருவர் கன்னாட் பிளேஸ் கடை ஒன்றின் கட்லெட்டை வெட்டி, குறுக்குவெட்டுப் படம் எடுத்து அனுப்பினார். நான் பார்த்த கருத்தரங்கப் படவில்லைகள் பலவற்றைவிட அது தெளிவாக இருந்தது.

நான்காம் நாளிலிருந்து வாதம் வேறு தடத்தில் சென்றது. உண்ணாதவர்கள் உண்டவர்போல் பேசத் தொடங்கினர். இங்கே என் துறைக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. "அந்த பர்கர் சுவையாக இருக்கிறது, நான் சாப்பிட்டதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப்பிழை ஏதுமில்லை, ஆனாலும் காது ஏற்க மறுக்கிறது. "அந்த பர்கர் 400 ரூபாய், நான் சாப்பிட்டதில்லை" என்பதில் அந்த உறுத்தல் இல்லை. ருசிச் சொற்கள் பேசுபவரின் நேரனுபவத்தைத் தம்மோடு இழுத்து வருகின்றன. திலீப் நைனன், ஹேசல் பியர்சன் முதலியோர் பத்தாண்டுகளுக்கும் மேலாக இதற்கு விளக்கம் தேடி வருகிறார்கள். ஆங்கிலம் இந்த உறுத்தலிலிருந்து தப்பத் தனியாக ஏதேனும் சொல்லைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. தமிழுக்கோ '-ஆம்' இருக்கிறது. "அங்கே பர்கர் நன்றாக இருக்குமாம்" என்றால் போதும். சொன்னவர் நான் அல்லேன், கேட்டதைச் சொல்கிறேன் என்ற பொறுப்புத்துறப்பு ஓரசையில் முடிந்துவிடுகிறது. எங்கள் குழுவின் பிற்பாதி விவாதம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்தது. தமிழில் நடந்திருந்தால் பாதி வாக்கியங்கள் '-ஆம்' கொண்டு முடிந்திருக்கவேண்டும்.

இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 'நெட்' உதவித்தொகை இல்லாத முனைவர்பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். பட்டியலில் முன்னணியில் இருந்த கடையொன்றில் பர்கரும் குளிர்பானமும் வரியோடு 700 ரூபாயைத் தாண்டும். கூடவே போக வர மெட்ரோ. அந்தக் கடைக்கு வாக்களித்தோரில் எத்தனை பேர் அங்கே உண்டிருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமும் அன்று. இணையத்து நட்சத்திரங்களையும் படங்களையும் கண்டு "அதுதான் சிறந்தது" என்று சொல்லிவிடலாம். "சிறந்ததாம்" என்று சொன்னால் மட்டும் சட்டைப்பையின் கனம் வெளியே தெரிந்துவிடும்.

'எனக்கு' என்ற சொல்லையும் கடந்து செல்கிறேன். "எனக்கு அந்த பர்கர் பிடிக்கும்" என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிவிட்டால் எதிர்வாதத்துக்கு இடமில்லை. தோற்கும் நிலையில் இருப்பவர் பின்வாங்கும் கதவு அது. நாளொன்றுக்கு நாற்பது முறை அந்தக் கதவு திறந்து மூடியது.

இப்போது உருபு. ஆங்கிலத்தில் 'பெஸ்ட்' என்ற உச்சநிலைச் சொல், எவற்றோடு ஒப்பிட்டு உச்சம் என்பதைச் சூழலுக்கே விட்டுவிடுகிறது. அன்னா சபோல்ச்சியும் ஐரீன் ஹைமும் 1980களில் எழுதியவற்றிலிருந்து இது பொருண்மையியலின் நிலையான பேசுபொருள். "ரவி மிகப் பெரிய பன்னை வாங்கினான்" என்றால், கடையிலிருந்த பன்களில் பெரியதையா, உடன் வந்தவர்கள் வாங்கியவற்றைவிடப் பெரியதையா என்று இரு பொருள் வருவதைப் பாருங்கள். தமிழில் 'மிகச் சிறந்த', 'தலைசிறந்த' என்றெல்லாம் அடைகள் உண்டு. ஆனால் 'மிக' என்பது மிகுதிதான். மிகச் சிறந்தவை பத்துகூட இருக்கலாம். ஒன்றே ஒன்றைத் தனித்துக் காட்டவேண்டுமானால் நாம் இயல்பாக வேறொரு வழியை நாடுகிறோம். 'தில்லியிலேயே நல்ல பர்கர்', 'இருப்பதிலேயே மலிவானது', 'எங்கள் வீட்டிலேயே மூத்தவள்'. 'இல்' உருபு ஓர் எல்லையை வரைகிறது. அதன்மேல் ஏகாரம் ஏறி நின்று, அந்த எல்லைக்குள் இதுவே என்று பிரித்துக் காட்டுகிறது. நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் என்னும் உருபுகளையும், நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் நான்கு பொருள்களையும் சொல்கிறது. ஒப்பையும் எல்லையையும் ஒரே வேற்றுமையின் வீட்டில் குடிவைத்ததில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. அங்கே இருப்பது வேறுவகை எல்லை என்று உரையாசிரியர்களைப் படித்தவர்கள் என்னைத் திருத்தக்கூடும், திருத்தட்டும். எல்லை சொல்லாமல் ஒப்பு இல்லை என்ற உணர்வு இவ்வமைப்பில் தங்கியிருப்பதாகவே எண்ணுகிறேன்.

(இதனால் தமிழர்கள் பிறரைவிடத் தெளிவாகச் சிந்திக்கிறார்கள் என்று யாரும் இப்பதிவைப் பகிரவேண்டாம். எல்லையைச் சொல்ல மொழி வசதி செய்து தரும். சொல்லும் நேர்மையை அது தராது.)

எங்கள் வாதத்தின் எல்லை என்ன? தில்லி என்பது எளிதான பாதி. பர்கர் என்பது கடினமான பாதி. ஹாம்பர்க் என்ற ஜெர்மன் நகரின் பெயரோடு '-அர்' விகுதி சேர்ந்து பிறந்தது 'ஹாம்பர்கர்'. பன்றித்தொடை இறைச்சியைக் குறிக்கும் 'ஹாம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆனால் கேட்டவர்கள் சொல்லைத் தவறான இடத்தில் பிரித்தார்கள். 'பர்கர்' தனிச்சொல் ஆயிற்று. சீஸ்பர்கர், ஃபிஷ்பர்கர் எனப் பெருகிற்று. முதலாண்டு மாணவருக்கு மறுபகுப்பைக் கற்பிக்க இதைவிட எளிய சான்று கிடைப்பதில்லை. இந்தியாவுக்கு இந்தத் தவறான பிரிப்பு பேருதவி புரிந்தது. பன்றியை நினைவூட்டும் முன்பாதி உதிர்ந்துபோக, எந்த விலங்கையும் சுட்டாத பின்பாதி மட்டும் கரையிறங்கிற்று.

அமெரிக்காவிலேயே எல்லைப் பூசல் உண்டு. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் உள்ள லூயிஸ் லஞ்ச் கடை, 1900இலேயே தான் முதல் ஹாம்பர்கரைப் பரிமாறியதாக உரிமை கொண்டாடுகிறது. நிமிர்ந்து நிற்கும் பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் சுட்டு, வாட்டிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தருகிறார்கள். கெட்சப் கேட்டால் கிடையாது. விஸ்கான்சினின் சீமோர் ஊரார் 1885 என்கிறார்கள். டெக்சஸின் ஏதென்ஸ் நகருக்கும் ஒரு கட்சி இருக்கிறது. பன் இல்லாமல் ரொட்டியில் வைத்தால் அது ஹாம்பர்கரா என்பதிலேயே அங்கே இன்னும் ஒற்றுமை இல்லை. ஆயினும் மாட்டிறைச்சி என்ற ஒன்றில் எல்லாரும் உடன்படுகிறார்கள்.

தில்லியின் கதை அங்கிருந்துதான் விலகுகிறது. கன்னாட் பிளேஸின் நிருலாஸ் 1970களின் பிற்பகுதியில் துரித உணவைப் பழக்கிற்று. இந்நகரில் வளர்ந்த இன்றைய ஐம்பது வயதுக்காரர்களிடம் சிறந்த பர்கர் எது என்று கேட்டால் பாதிப் பேர் இல்லாதுபோன அந்தக் கடையின் பழைய மேசைகளைத்தான் சொல்வார்கள். 1996 அக்டோபரில் வசந்த் விஹாரின் பசந்த் லோக் சந்தையில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ இல்லாத உணவுப்பட்டியல். 'மகாராஜா மேக்' முதலில் ஆட்டிறைச்சியில் வந்து, பிறகு கோழிக்கு மாறிற்று. வென்றதோ உருளைக்கிழங்கு. வட இந்தியத் தெருவில் தோசைக்கல்லின்மேல் காலங்காலமாகப் பொரிந்துகொண்டிருந்த ஆலு டிக்கியைப் பன்னுக்குள் வைத்து, இந்தியாவில் பர்கர் என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுவே என்னும்படி செய்துவிட்டார்கள். நான் இதை இழிவாகக் கருதவில்லை. மென்மைக்குள் மென்மை என்ற சிக்கலைப் பொரித்த ஓட்டினால் தீர்த்திருக்கிறார்கள். அது சமையல் அறிவு. மும்பைக்காரர் ஒருவர் வடாபாவையும் பர்கராகச் சேர்க்கவேண்டும் என்று எங்கள் குழுவில் வாதிட்டார். தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே 1960களிலேயே விற்கப்பட்ட அதை ஏன் வந்தேறியின் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று இன்னொரு மும்பைக்காரரே சீறினார். பொருளெல்லை நெகிழ்வானது. ஆலு டிக்கியை ஏற்றபின், எதை ஏற்கலாம் எதை ஏற்கலாகாது என்று சொல்ல யாரிடமும் இலக்கணம் இல்லை.

அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். வாக்கெடுப்புக்குப் பெயர்களைத் தரச் சொன்னபோது ஒன்பது கடைகள் வந்தன. ஒன்பதாவது, வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்த ஆய்வாளர் முன்மொழிந்தது. ஹுமாயூன்பூர் சந்தொன்றில் எருமையிறைச்சி பர்கர் விற்கும் கடை. வாக்கெடுப்பு வெளியானபோது எட்டுக் கடைகளே இருந்தன. கேட்டதற்கு, 'குழுவின் அமைதி கருதி' என்று பதில் வந்தது. முன்மொழிந்தவர் ஒரு கட்டைவிரல் குறியை இட்டுவிட்டு அமைதியானார். அமைதி கிடைத்துவிட்டது. ஞாயிறு இரவு முடிவை அறிவித்தார்கள்: தில்லியின் சிறந்த பர்கர் இன்ன கடையினுடையது, எல்லாரும் பங்கேற்றமைக்கு நன்றி.

'எல்லாரும்' என்ற சொல்லுக்கும் எல்லையைச் சூழல்தான் தருகிறது. "எல்லாரும் வந்தாயிற்றா?" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டால் உலகத்தார் அனைவரையும் கேட்கவில்லை என்பது எல்லார்க்கும் தெரியும். இருவரும் அறிந்து, இருவரும் ஏற்ற எல்லையைச் சொல்லாமல் விடுவது மொழிச் சிக்கனம். ஒருவர் மறுத்த எல்லையைச் சொல்லாமல் விடுவது சிக்கனம் ஆகாது.

சட்டம் அப்படி என்று சிலர் எழுதினர். 1994ஆம் ஆண்டின் தில்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் பசு, கன்று, காளை, எருது ஆகியவற்றைக் கொல்வதையும் அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதையும் தடுக்கிறது. எருமை அதில் இல்லை. அந்தக் கடை சட்டத்துக்கு உட்பட்டே விற்கிறது. தன் உணவுப்பட்டியலில் 'பஃப்' என்று வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறது. பல ஊர்களின் உயர்தர உணவகங்களில் இந்த வெளிப்படை இல்லை. அங்கே 'டெண்டர்லாயின் பர்கர்' என்று இருக்கும். டெண்டர்லாயின் என்பது முதுகெலும்பையொட்டிய ஒரு தசைத்துண்டின் பெயர். ஆட்டுக்கும் உண்டு, பன்றிக்கும் உண்டு. உறுப்பின் பெயரால் விலங்கை மறைத்துச் சொல்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்க்குப் புரியும், தெரியாதவர் கடந்து போவார். உருதுவில் 'படே கா' என்றால் பெரியதன் இறைச்சி, 'சோட்டே கா' என்றால் சிறியதன் இறைச்சி. தமிழ்ப் பேச்சிலோ 'கறி எடுத்தேன்' என்றால் பல வீடுகளில் ஆடு. ஒன்று அடையில்லாமல் வரும், மற்றொன்று அடையோடுதான் வரும் என்பது எங்கள் துறையில் எளிய செய்தி. எது அடையின்றி வரவேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் யாருடையது என்பது அவ்வளவு எளியதன்று.

2015 அக்டோபர் இறுதியில் தில்லி கேரள இல்லத்துக்குள் காவல்துறையினர் புகுந்த நிகழ்வு நினைவிருக்கும். அங்குள்ள உணவகத்தில் பசு இறைச்சி பரிமாறுகிறார்கள் என்ற புகாரின்பேரில் சென்றார்கள். பட்டியலில் இருந்த சொல் 'பீஃப்'. சமைக்கப்பட்டதோ எருமை. இந்திய ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அச்சொல் இரண்டையும் தழுவும். ஒரு சொல்லின் பொருட்பரப்பை ஆராய்வதற்குக் காவலர்கள் அனுப்பப்பட்ட நேர்வு அகராதியியல் வரலாற்றில் அரிது. அந்த உணவு ஓரிரு நாள் பட்டியலிலிருந்து நீங்கி, எதிர்ப்புக்குப்பின் மீண்டும் வந்தது. அப்போதும் பலர் சொன்ன சொல் 'அமைதி'.

அதற்கும் முன்பு, 2007இல், வடகிழக்கிலிருந்து வரும் மாணவர்களுக்கென்று தில்லிக் காவல்துறை ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற மணமிகு உணவுகளை அக்கம்பக்கத்தில் சலசலப்பு எழாதவாறு சமைக்கவேண்டும் என்பது அதிலிருந்த அறிவுரைகளுள் ஒன்று. ஹுமாயூன்பூரைக் களமாகக் கொண்டு வந்த 'ஆக்ஸோன்' திரைப்படம் இந்த மணப் பூசலைத்தான் கதையாக்கிற்று. அறிவுரையைக் கேட்டு நடந்தால் சலசலப்பு இல்லை. அறிவுரை சொல்லவேண்டிய தேவையும் பிறகு மறைந்துவிடும். எங்கள் குழுவில் அடுத்த ஆண்டு வாக்கெடுப்பு நடந்தால் ஒன்பதாம் கடையை யாரும் முன்மொழியமாட்டார்கள் என்றே அஞ்சுகிறேன். நீக்கவேண்டிய தேவையே இல்லாதபோது நீக்கியவர் எவரும் இருக்கமாட்டார்.

மறுதரப்புக்கு உரியதைச் சொல்லவேண்டும். குழுவில் சைவ உணவினர் பலர். சிலர்க்கு இறைச்சியின் படமே ஒவ்வாது. அவர்கள் உண்ணாத ஒன்றுக்கு அவர்கள் வாக்களிக்க இயலாது என்பதும் சரி. ஆனால் அவர்களுள் ஒருவரான ராஜஸ்தான் தோழி முதல்நாளே "சைவ பர்கர்களில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று தொடங்கி, மூன்று கடைகளின் டிக்கியை ஓடு, காரம், பன் என ஒப்பிட்டு எழுதினார். விவாதம் முழுவதிலும் நான் படித்த சிறந்த குறிப்பு அதுவே. எல்லையைத் தானே வரைந்தார். அதற்குள் கறாராகப் பேசினார். எல்லைக்கு அப்பால் இருப்பதை இல்லையென்று சொல்லவில்லை. எட்டுக் கடை வாக்கெடுப்பை நடத்தியவர்களும் அவ்வாறு தலைப்பிட்டிருக்கலாம். 'எருமை நீங்கலாகத் தில்லியிலேயே சிறந்த பர்கர்' என்று எழுதியிருந்தால் நான் இப்பதிவை எழுதியிருக்கமாட்டேன். அப்படி எழுத அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தக் கூச்சம் வரவேண்டிய இடத்தில் வரட்டும் என்றே எல்லையைச் சொல்லச் சொல்கிறேன்.

"ஒரு பன்னுக்கு இவ்வளவா?" என்று தமிழ் நண்பர்கள் கேட்கக்கூடும். பாடத்திட்டக் குழுவிலும் தேர்வுக் குழுவிலும் 'சிறந்த', 'தகுதியான', 'யாவரும் அறிந்த' என்ற சொற்களை இதே முறையில்தான் கையாள்கிறோம். எந்தப் பட்டியலிலிருந்து என்று கேட்பவரே குழப்பக்காரர் ஆகிறார். பர்கரில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இழப்பு குறைவு, வேலை போகாது.

என் வாக்கையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு எழுதிவிட்டு நழுவுவது முறையன்று. டிக்கி வகையில் தோழியின் முதலிடத்தை வழிமொழிகிறேன். நானும் சென்று உண்டேன், ஓடு மொறுமொறுப்பாகவே இருந்தது. கோழியில் எனக்குத் தில்லியில் எதுவும் பெரிதாகத் தேறவில்லை. நெஞ்சுக்கறியை அரைத்துக் காயவைத்துவிடுகிறார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்து, நான் இந்நகரில் ஐந்தாண்டுகளில் உண்டவற்றிலேயே சிறந்தது அந்த ஒன்பதாம் கடையின் எருமை பர்கர். எருமையிறைச்சியில் இயல்பாகக் கொழுப்பு குறைவு. அவர்கள் கொழுப்பைத் தனியே வாங்கிச் சேர்த்து அரைக்கிறார்கள். கல்லில் அழுத்திச் சுடுவதால் ஓரம் கருகாமல் பழுக்கிறது. உப்பு மேலே மட்டும். பன் சற்று இனிப்பு அதிகம், அது குறைதான். விலை 220 ரூபாய். ஆறு பேர் உட்காரலாம். மெட்ரோவிலிருந்து இறங்கி நடக்கவேண்டும். வெள்ளி மாலை போனால் காத்திருக்க நேரும்.

மறுப்பவர்கள் மறுக்கலாம். எதில் என்று சொல்லுங்கள். உண்ணாமல் எழுதுவோர் '-ஆம்' சேர்த்து எழுதுங்கள்.